கக்கத்து நாத்தம், கீழ கவிச்சி வாடை: வெளிய சொல்ல முடியல, யாராச்சும் வழி சொல்லுங்க

தண்ணீர்மலை_பொண்ணு:

வணக்கம் அக்கா அண்ணே எல்லாருக்கும். இத டைப் பண்றதுக்கே கூச்சமா இருக்கு ஆனா வீட்ல யார்கிட்டயும் வாய் திறக்க முடியல, அதான் இங்க கேக்குறேன்.

நான் பினாங்கு, பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி ஆப்பரேட்டர். 12 மணி நேர ஷிஃப்ட். கிளீன் ரூம் உள்ள தலையில இருந்து கால் வரைக்கும் மூடுற ஜம்ப்சூட் போட்டு ஜிப்ப இழுத்துட்டா பிரேக் வர்ற வரைக்கும் கழட்ட முடியாது. ஏர்கான் குளிராத்தான் இருக்கும், ஆனா அந்த துணியில காத்து உள்ள போகாது வெளிய வராது, ஒரு மணி நேரத்துலயே உள்ள சட்டை முதுகோட ஒட்டிக்கும். பாத்ரூம் போகணும்னா மொத்தமா கழட்டிட்டு திரும்ப போடணும், அதனால பீரியட்ஸ் டைம்ல கூட பேட் மாத்தாம அப்படியே இருந்துடுறேன்.

எனக்கு ரெண்டு பிரச்சனை. ஒன்னு கக்கத்து நாத்தம். காலையில நல்லா சோப்பு போட்டு குளிச்சுட்டு ஸ்ப்ரே அடிச்சுட்டுத்தான் போறேன், மத்தியானத்துக்குள்ள எனக்கே அடிக்குது. துவைச்ச சட்டைய அயர்ன் பண்ணா, சூடு படுறப்ப அந்த கக்கத்து இடத்துல இருந்து மட்டும் பழைய நாத்தம் குப்புனு எழும்பி வருது, அப்போ துவைச்சு என்ன பிரயோஜனம். போன மாசம் லைன்ல எல்லார் முன்னாடியும் "சில பேர் குளிச்சுட்டு வாங்க லா"ன்னு சொன்னாங்க. பேர் சொல்லல, ஆனா எல்லாரும் என்னத்தான் பாத்தாங்க. ஃபேக்டரி பஸ்ல இப்ப கடைசி சீட்டுல போய் உக்காந்துக்குறேன்.

இன்னொன்னு இதவிட சொல்ல கஷ்டமா இருக்கு. கொஞ்ச மாசமா கீழ மீன் கவிச்சி மாதிரி ஒரு வாடை. வெள்ளைப்படுது, கெட்டியா இல்ல, தண்ணியா கொஞ்சம் சாம்பல் கலர்ல. அரிப்பு எதுவும் இல்ல. பீரியட்ஸ் முடிஞ்ச உடனேயும், வீட்டுக்காரரோட இருந்த பிறகும் வாடை ரொம்ப அதிகமாகுது, அதனால இப்ப எதாவது சாக்கு சொல்லி தள்ளிப் படுத்துக்குறேன், அவரும் என்ன ஏதுன்னு புரியாம மூஞ்சிய தூக்கி வச்சிருக்காரு. வெத்தலை சாறு போட்ட வாஷ் காலையும் ராத்திரியும் போட்டு உள்ள வரைக்கும் கழுவுறேன். சொந்தத்துல ஒரு பெரியம்மா மாசிக்காய் வாங்கி குடுத்து உள்ள வைக்க சொல்றாங்க, இன்னும் வைக்கல.

ரெண்டும் ஒரே வியாதியா? நான் சுத்தமா இல்லாததாலதான் வருதா? டாக்டர்கிட்ட போனா ஆம்பள டாக்டர் பாப்பாங்களா? வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனா கூட ஓரமா தூண்கிட்ட நின்னு கும்பிட்டுட்டு வந்துடுறேன், பக்கத்துல யாரும் வந்துடக் கூடாதுன்னு. ப்ளீஸ் யாராச்சும் சொல்லுங்க.


ஆயிர்ஈத்தாம்_அக்கா:

தங்கச்சி, மொதல்ல நீ அழாத. நீ சுத்தமா இல்லாததால வந்தது இல்ல இது, அத மனசுல இருந்து எடுத்துப் போடு. ஒரு நாளைக்கு இத்தனை தடவ கழுவுற பொண்ண யாரு சுத்தமில்லனு சொல்றது.

எனக்கு ரெண்டாவது பிள்ளை பொறந்து ஒரு வருஷம் கழிச்சு அச்சு அசலா நீ சொன்ன அதே கவிச்சி வந்துச்சு, அதே தண்ணி மாதிரி சாம்பல் கலர். எங்கம்மா காலத்துல இதுக்கு சூடு உடம்புனு சொல்லி மோர் குடு வெந்தயம் குடுனு விட்டுடுவாங்க, அப்படியே வருஷக்கணக்கா வச்சிட்டு இருப்பாங்க பாவம். நான் கவர்மெண்ட் கிளினிக்தான் போனேன். 1 வெள்ளிதான் (ரிங்கிட்) நமக்கு. கவுண்டர்ல என்ன பிரச்சனைனு கேட்டா எல்லார் முன்னாடியும் விளக்கணும்னு இல்லமா, "பொம்பளைங்க பிரச்சனை, லேடி டாக்டர் வேணும்"னு மலாய்ல சொன்னா போதும், அவங்களுக்குப் புரியும். லேடி டாக்டர் வேணும்னு நீ தாராளமா கேக்கலாம், ஆம்பள டாக்டர் பாத்தாலும் கூட ஒரு நர்ஸ் பக்கத்துல நிப்பாங்க.

உள்ள என்ன பண்ணுவாங்கனு பயம் இருக்கும் உனக்கு அதையும் சொல்லிடுறேன். படுக்க வச்சு இடுப்புக்குக் கீழ துணி போர்த்துவாங்க, ஒரு சின்ன கருவிய வச்சு விரிச்சு லைட் அடிச்சு பாத்துட்டு பஞ்சு குச்சில கொஞ்சம் தொட்டு எடுப்பாங்க. கொஞ்சம் சில்லுனு இருக்கும் இறுக்கமா இருக்கும், மூச்ச மெதுவா விட்டா சீக்கிரம் முடிஞ்சுடும். அவங்க தினம் பாக்குறது இதத்தான், மூக்க சுளிக்க மாட்டாங்க. என்னோட டாக்டர் மலாய்க்கார அம்மா, "இதுக்கா இவ்ளோ நாள் தனியா கஷ்டப்பட்டீங்க"ன்னு தான் கேட்டாங்க.

மாசிக்காய் வேணாம்மா. பெரியம்மா நல்லது நினைச்சுத்தான் குடுக்குறாங்க, வாங்கி ஓரமா வை. மஞ்சகானினு மலாய் கடையில விக்கிறதும் அதேதான், உள்ள இருக்கற ஈரத்த இழுத்துடும், அது இந்த நோயக் குணமாக்காது, எரிச்சல்தான் மிச்சம்.


மருந்துகடை_கேஎல்:

சிஸ், நான் கேஎல்ல (கோலாலம்பூர்) ஃபார்மசிஸ்ட். கவுண்டர்ல நின்னா வாரத்துக்கு வாரம் இதே கேள்வி வரும், எல்லாரும் குரல தாழ்த்தி "ஃபெமினின் வாஷ் எது ஸ்ட்ராங்கா இருக்கு"னு தான் கேப்பாங்க. ஸ்ட்ராங்கா கழுவக் கழுவ பிரச்சனை கூடும்னு யாரும் அவங்களுக்கு சொல்லியிருக்க மாட்டாங்க.

ரெண்டும் வேற வேற. நீங்க எழுதினத வச்சு பாத்தா கீழ இருக்கறது பாக்டீரியல் வஜைனோசிஸ் மாதிரி இருக்கு, டாக்டர் பாத்து உறுதி பண்ணணும். அந்த இடம் இயற்கையாவே புளிப்புத் தன்மையோட இருக்கணும், பிஎச் 3.8 ல இருந்து 4.5 வரைக்கும். அத அப்படி வச்சிருக்கறது லாக்டோபேசிலஸ்னு ஒரு நல்ல கிருமி. அது கொறைஞ்சு போனா வேற கிருமிங்க பெருகி கவிச்சி வாடைய விடும். ரத்தமும் விந்தும் காரத்தன்மை உள்ளது, அதனாலதான் பீரியட்ஸ்க்கு அப்புறமும் உறவுக்கு அப்புறமும் வாடை தூக்குது. நீங்க உள்ள வரைக்கும் கழுவுறப்ப போறது அந்த நல்ல கிருமி, அது போனதும் கெட்டது இன்னும் தைரியமா வளரும். உள்பக்கம் தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கும், வெளிப்பக்கம் மட்டும் வெறும் தண்ணி போதும், வேணும்னா வாசனை இல்லாத மைல்டான சோப்பு. வெத்தலை வாஷ், பெர்தாங்காஸ்னு உக்காந்து ஆவி பிடிக்கிறது, வாசனை போட்ட பேண்டி லைனர் எல்லாத்தையும் இப்பவே நிறுத்துங்க.

இதுக்குப் பொதுவா குடுக்கறது மெட்ரோனிடசோல், 7 நாள் காலையும் ராத்திரியும். டாக்டர் சீட்டு இல்லாம நான் அத தர முடியாது, தரவும் கூடாது. சாப்பிட்டுட்டு போடுங்க, வாயில இரும்ப நக்கின மாதிரி கசப்பு வரும், பயப்பட வேண்டாம். மருந்து முடியிற வரைக்கும் பீர் ஒயின் தொடாதீங்க. ரெண்டு மூணு நாள்லயே வாடை கொறைஞ்சுடலாம், அங்கேயே நிறுத்திடாதீங்க.

கடையில தானா வாங்கிப் போடுற ஃபங்கஸ் மாத்திரை இதுக்கு வேலை செய்யாது. ஃபங்கஸ்னா தயிர் திரிஞ்ச மாதிரி கெட்டியா வெள்ளையா வரும், அரிப்பு தாங்காது, வாடை பெருசா இருக்காது. உங்களுக்கு எல்லாமே நேர்மாறா இருக்கு. பச்சை மஞ்சளா நுரையோட வந்தா அது இன்னொரு தொற்று, அதுக்கு புருஷனும் கண்டிப்பா மருந்து சாப்பிடணும். கண்ணால பாத்து நாமளே முடிவு பண்றது அடிக்கடி தப்பாகும், அதான் டெஸ்ட் எடுங்கன்னு திரும்பத் திரும்ப சொல்றேன்.


பிறை_டெக்னீஷியன்:

தங்கச்சி நான் ஆம்பள, கீழ விஷயம் அக்காங்க சொல்லட்டும். கக்கத்து விஷயம் நான் சொல்றேன், நானும் பிறை பக்கம் ஃபேக்டரிதான், அந்த ஜம்ப்சூட் உள்ள என்ன நடக்கும்னு தெரியும்.

வேர்வைக்கு தனியா நாத்தமே கிடையாது. கக்கத்துல வர்ற வேர்வை கொஞ்சம் கெட்டியானது, தோல்ல இருக்கற கிருமி அத தின்னு விடுறதுதான் நாத்தம். நீ அடிக்கிற ஸ்ப்ரே அனேகமா வெறும் டியோடரன்ட், வாசனையால மூடும், அவ்ளோதான். டப்பாவத் திருப்பிப் பாரு, ஆன்டி பெர்ஸ்பிரன்ட்னு (வேர்வையவே கொறைக்கறது) போட்டிருக்கணும், அலுமினியம்னு ஆரம்பிக்கற பேர் ஒன்னு இருக்கணும். அத காலையில அவசரத்துல போடாத. ராத்திரி படுக்கப் போறப்ப போடணும், கக்கம் நல்லா காஞ்சிருக்கணும், ஈரத்துல போட்டா எரியும், ஷேவ் பண்ண அன்னிக்கும் வேணாம். ராத்திரில வேர்வை கம்மி, அந்த அலுமினிய உப்பு, வேர்வை வர்ற வாய்க்குள்ள போய் அடைச்சுக்கும். காலையில குளிச்சாலும் போகாது. கேன்சர் வரும்னு வாட்சாப்ல சுத்துறதுக்கு தெளிவான ஆதாரம் எதுவும் இல்ல.

காசு கம்மியா வேணும்னா லிட்டில் இந்தியால லெபோ பாசார் பக்கம் மளிகைக் கடையில படிகாரக் கல்லு கேளு, மலாய்ல தாவாஸ். குளிச்சுட்டு ஈரக் கக்கத்துல அந்த கல்ல தேச்சுட்டு காய விட்டா போதும், கிருமிய அடக்கும். வேர்வைய அது நிறுத்தாது ஆனா நாத்தம் நல்லா கொறையும், எங்கப்பா முடி வெட்டுற கடை வச்சிருந்தாரு வாழ்க்கை பூரா அதத்தான் போட்டாரு.

அயர்ன் பண்றப்ப வர்ற நாத்தம் உன் உடம்புல இல்ல, துணியில. நீ உள்ள போடுறது பாலியஸ்டர் டிஷர்ட் தானே? 2014 ல பெல்ஜியம் கெண்ட் யூனிவர்சிட்டில 26 பேர சைக்கிள் மிதிக்க வச்சு வேர்த்த டிஷர்ட்டெல்லாம் மூடி வச்சு 28 மணி நேரம் கழிச்சு மோந்து பாத்தாங்க, பருத்திய விட பாலியஸ்டர்தான் மோசமா அடிச்சுது, நாத்தம் போடுற ஒரு வகை கிருமி பாலியஸ்டர்ல நல்லா வளருதாம். அதனால உள்ள காட்டன் போடு, மெலிசா பனியன் மாதிரி. பழைய சட்டைய தூக்கி போட மனசில்லனா உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி, வாளித் தண்ணில ஒரு கப் வெள்ளை வினிகர் ஊத்தி அரை மணி நேரம் ஊற வச்சு அப்புறம் துவை. வினிகரையும் குளோராக்ஸ் ப்ளீச்சையும் மட்டும் ஒன்னா கலந்துடாத, விஷப் புகை வரும், நெஞ்ச அடைக்கும். ஃபிளாட் காரிடார்ல நிழல்ல தொங்க விட்டு பாதி ஈரத்தோட மடிச்சு வைக்கிறதுதான் நம்ம ஊர்ல எல்லார் வீட்லயும் நடக்குது, மழை மாசத்துல வேற வழியும் இல்ல, ஃபேன் கீழயாவது முழுசா காய வை.

லைன்ல அப்படி பேசினது ரொம்ப தப்பு. கூப்பிட்டு தனியா சொல்லியிருக்கணும். மனசுல வச்சுக்காத மா.


செலாயாங்_மாமி:

இவ்வளவு எதுக்கு, எலுமிச்சம்பழம் பாதி வெட்டி கக்கத்துல தேய்ங்க, கீழ கழுவுற தண்ணிலயும் ரெண்டு சொட்டு விடுங்க. பேக்கிங் சோடாவும் நல்லது. எங்க வீட்ல எல்லாருக்கும் அதான்.


மருந்துகடை_கேஎல்:

மாமி, கோவிச்சுக்காதீங்க, எலுமிச்சை கக்கத்துலயும் வேணாம் கீழயும் வேணாம். ஷேவ் பண்ண தோல்ல பட்டா புண்ணாகும், அந்த சாறோட வெயில்ல போனா தோல் கருத்து கொப்புளம் கூட வரும். பேக்கிங் சோடா காரத்தன்மை உள்ளது, தோலுக்கு ஆகாது, கீழ போட்டா பிஎச் இன்னும் கெட்டுப் போகும். தயிர் உள்ள வைக்கலாமான்னும் கேப்பாங்க, தயிர்ல இருக்கற கிருமியும் அங்க இருக்கற கிருமியும் ஒரே குடும்பம்தான் ஆனா ஒரே ஆள் இல்ல, தயிர சாப்பிடுங்க போதும்.

கக்கத்துக்கு ஒன்னு சேத்துக்கோங்க சிஸ். முகப்பருவுக்கு விக்கிற பென்சாயில் பெராக்சைட் வாஷ், 5 சதவீதம், கக்கத்துல தடவி ரெண்டு நிமிஷம் விட்டு கழுவுங்க, கிருமிய நல்லா கொல்லும். வெள்ளைத் துண்டு வச்சு துடைங்க, கலர் துண்டுன்னா வெளுத்துடும். கீழ மட்டும் படக் கூடாது. தோல் செவந்தா விட்டுடுங்க.


தண்ணீர்மலை_பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிச்சுட்டு பாத்ரூம்ல உக்காந்து அழுதுட்டேன், இத்தனை பேர் திட்டாம பதில் சொல்லுவீங்கன்னு நினைக்கல. வாஷ நிறுத்திட்டேன். டப்பாவத் திருப்பிப் பாத்தேன் அண்ணே, நீங்க சொன்ன மாதிரி வெறும் டியோடரன்ட்தான்.

இன்னும் ரெண்டு சந்தேகம். வீட்டுக்காரர் என்னைய தப்பா நினைப்பாரோ, வேற யாரோடயாவது இருந்தா வர்ற நோய்னு? அப்புறம் நாங்க குழந்தைக்கு பாத்துட்டு இருந்தோம், இது இருந்தா பாதிப்பு வருமா? உடம்பு குளிர்ச்சிக்குன்னு தினம் வெந்தயம் ஊற வச்ச தண்ணி வேற குடிக்கிறேன், அதுவும் நல்லதா கெட்டதா தெரியல.


நைட்டூட்டி_நர்ஸ்:

செந்தூல்ல இருந்து பேசுறேன் மா, பொம்பளைங்க வார்டுல ரொம்ப வருஷம் இருந்தவ.

வீட்டுக்காரர் விஷயம் மொதல்ல. கணவன் மனைவி ரெண்டு பேரும் ஒழுங்கா இருந்தாலும் இது வரும், கல்யாணம் ஆகாத பொண்ணுக்கும் வரும். நேரா சொல்லிடு, "எனக்கு உள்ள கிருமி சமநிலை கெட்டுப் போயிருக்கு, டாக்டர பாக்கப் போறேன், அதனாலதான் தள்ளி இருந்தேன், உங்கள பிடிக்காம இல்ல"ன்னு. ஆம்பளைங்களுக்கு காரணம் தெரியாம இருக்கறதுதான் பெரிய வலி. வார்டுல எத்தனையோ குடும்பத்துல பாத்துட்டேன், பொண்டாட்டி கூச்சத்துல விலகுவா, அவன் வேற ஏதோ நினைச்சுக்குவான், ஒரு சின்ன மாத்திரைல தீர வேண்டியது ரெண்டு குடும்பத்து பெரியவங்க வந்து பஞ்சாயத்து பண்ற அளவுக்குப் போகும்.

அவரையும் கூட்டிட்டு போனா இன்னும் நல்லது, ஏன்னா இந்த நோய் மருந்து சாப்பிட்டு நல்லானாலும் ஒரு வருஷத்துக்குள்ள பாதிக்கு மேல பொம்பளைங்களுக்கு திரும்ப வரும். 2025 ல ஆஸ்திரேலியா ஆராய்ச்சி ஒன்னு வந்துச்சு, மனைவிக்கு மட்டும் மருந்து குடுத்தா 12 வாரத்துல 63 சதவீதம் பேருக்கு திரும்ப வந்துச்சு, கூடவே கணவனுக்கும் 7 நாள் மாத்திரையும் தடவுற க்ரீமும் குடுத்தா 35 சதவீதமா கொறைஞ்சுது. எல்லா கிளினிக்லயும் இன்னும் வழக்கமா குடுக்கறதில்ல, ஆனா திரும்பத் திரும்ப வந்தா டாக்டர்கிட்ட இத கேளு. மருந்து முடியிற வரைக்கும் உறவு வேணாம், இல்ல காண்டம் போட்டுக்கோங்க.

குழந்தைக்கு பாக்குறதால இப்பவே சரி பண்ணிக்கறதுதான் நல்லது. கர்ப்பத்துல இது இருந்தா குறைப்பிரசவத்துக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடும். பீரியட்ஸ் தள்ளிப் போயிருந்தா மருந்துக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடு.

வெந்தயத் தண்ணி கெட்டது இல்ல, ஆனா தினம் நெறைய குடிச்சா வேர்வையும் மூத்திரமும் ஒரு மாதிரி இனிப்பு வாசனை அடிக்கும். பெத்தாய்னு அந்த நாத்தக் கொட்டைய சாப்பிட்டா மூத்திரம் நாறும் இல்லையா, அந்த மாதிரி சாப்பாட்டு வாசனை, நோய் இல்ல. கொஞ்ச நாள் நிறுத்திப் பாரு.

போற நேரத்துல ரத்தத்துல சர்க்கரையும் பாத்துடு. 2023 நேஷனல் ஹெல்த் சர்வேல நம்ம நாட்டுல பெரியவங்கள்ல 15.6 சதவீதம் பேருக்கு சர்க்கரை, நம்ம இந்தியர்கள்ல அது ரொம்ப அதிகம். அடிக்கடி ஃபங்கஸ் அரிப்பு வர்றவங்க, தொடை இடுக்குல படை வர்றவங்க கண்டிப்பா பாக்கணும். இத ஆம்பளைங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன், ஹெல்மெட் போட்டு நாள் பூரா மோட்டார்ல சுத்துற பையனுங்க இடுக்குல அரிப்புன்னு யாரோ குடுத்த ஸ்டீராய்டு கலந்த க்ரீம தடவி தடவி படைய வயிறு வரைக்கும் பரப்பிக்கிட்டு வருவாங்க. முன்தோலப் பின்னால தள்ளி தண்ணில கழுவணும்னு அப்பாமாரு சொல்லிக் குடுக்கறதில்ல, அங்க வெள்ளையா சேர்ற அழுக்குதான் நாறும்.

இது எதுவும் இருந்தா நாள் தள்ளாம உடனே போகணும்: காய்ச்சலோட அடிவயித்து வலி, பீரியட்ஸ் இல்லாதப்ப ரத்தம், தூமை நின்ன அம்மாமாருக்கு திரும்ப ரத்தமோ நாத்தமோ, கக்கத்துல வலியோட கட்டி கட்டியா வந்து சீழ் வடியிறது. கடைசியா சொன்னத பல பேர் வேனல் கட்டின்னு மஞ்சள் பத்து போட்டு விட்டுடுறாங்க, ஸ்கின் ஸ்பெஷலிஸ்ட் பாக்க வேண்டிய நோயா இருக்கலாம்.


ஆயிர்ஈத்தாம்_அக்கா:

நர்ஸ் அக்கா சொன்னது எல்லாம் சரி. தங்கச்சி அந்த பேட் விஷயத்த யாரும் பேசல, அதுதான் எனக்கு உறுத்துது. 12 மணி நேரம் ஒரே பேட் வேணவே வேணாம், 4 மணி நேரத்துக்கு ஒரு தடவ இல்ல மிஞ்சிப் போனா 6 மணி நேரத்துக்கு ஒரு தடவ மாத்தியே ஆகணும். ஜம்ப்சூட் கழட்டுறது கஷ்டம்தான், ஆனா ஒவ்வொரு பிரேக்லயும் மொதல்ல பாத்ரூம் அப்புறம் கேன்டீன்னு வச்சுக்கோ. லாக்கர்ல ஒரு சின்ன பையில பேட், ஒரு காட்டன் ஜட்டி, ஒரு மாத்து பனியன், சின்ன துண்டு வச்சிரு. பிரேக்ல கக்கத்த வெறும் தண்ணில துடைச்சு காய வச்சு பனியன மாத்தினாலே பாதி நாத்தம் அடங்கிடும். பாத்ரூம் போறதுக்கு லைன்ல விடலன்னா உங்க ஃபேக்டரி நர்ஸ்கிட்ட, இல்ல எச்ஆர்ல ஒரு பொம்பள கிட்ட பேசு, டாக்டர் லெட்டர் இருந்தா கேக்குறதுக்கு இன்னும் சுலபம்.


தண்ணீர்மலை_பொண்ணு:

அவர்கிட்ட நேத்து ராத்திரி பேசிட்டேன் அக்கா. கொஞ்ச நேரம் ஒன்னும் பேசல, அப்புறம் "நான்தான் எதோ தப்பு பண்ணிட்டேன்னு நினைச்சுட்டு இருந்தேன்"னாரு. லீவு எடுத்துட்டு கூட வர்றேன்னு சொல்லியிருக்காரு. மைசெஜாத்ரா ஆப்ல கிளினிக் அப்பாயின்ட்மென்ட் போட்டாச்சு, வர்ற செவ்வாய்க்கிழமை காலையில. அதுக்கு முன்னாடி நான் எதாவது பண்ணணுமா, கழுவிட்டு போகணுமா?


நைட்டூட்டி_நர்ஸ்:

எப்பவும் போல குளி, உள்ள மட்டும் கழுவாத, கழுவிட்டா டெஸ்ட்ல சரியா தெரியாது. முந்தின நாள் ராத்திரி உறவு வேணாம், எந்த மாத்திரையும் உள்ள வைக்காத. அன்னிக்கு பீரியட்ஸ் வந்துட்டா அப்பாயின்ட்மென்ட்ட தள்ளிப் போட்டுக்கோ. ரெண்டு பேரோட ஐசியும் (அடையாள அட்டை) எடுத்துக்கோங்க, அவருக்கும் சேத்து நம்பர் எடுத்தா ஒரே நாள்ல பாத்துடலாம். கடைசி பீரியட்ஸ் தேதி கேப்பாங்க, ஃபோன்ல குறிச்சு வச்சுக்கோ. பாவாடை மாதிரி லூசா எதாவது போட்டுட்டு போ மா, ஜீன்ஸ விட சுலபமா இருக்கும்.